அத்தியாயம் 7: மன்னர் காலத்துக் காதல், கூடவே கொஞ்சம் மாயம்

ராஜா காலத்துக் காதல் கதை எழுதப்போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த வருஷம்?" என்பதைத்தான். பெரும்பாலும் "சோழர் காலம்" என்று பதில் வரும். விஜயாலயனில் தொடங்கி மூன்றாம் ராஜேந்திரன் வரை நானூறு ஆண்டுக்கு மேல் ஓடிய காலம் அது. அதில் எந்த ஆடி மாதம், எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாமல் ஒரு கதாநாயகியை நந்தவனத்தில் நிறுத்தினால் அவள் நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய மாட்டாள். சோகக் கதையில் இப்படி மூட்டமாக எழுதித் தப்பித்துவிடலாம். சிரிக்க வைக்கிற கதையில் முடியாது. சம்பளப் பாக்கி எத்தனை பணம், வைத்தியருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரி எந்த நாழிகையில் வாசலுக்கு வருவாள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் நகைச்சுவை பிறக்கும்.

அதனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே களத்தை வைத்துக்கொள்வோம்: 1820-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர், இரண்டாம் சரபோஜியின் ஆட்சி.

ஏன் அந்தக் காலம்? 1798-ல் பட்டத்துக்கு வந்த சரபோஜி மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நாட்டு நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தார். கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு மிஞ்சின. படையெடுப்புக் கவலை போயிற்று. மன்னருக்குப் பொழுது நிறைய இருந்தது, படிப்பும் ஆசையும் அதைவிட அதிகம் இருந்தன. சரசுவதி மகாலுக்கு ஏடுகளும் நூல்களும் சேர்த்தார். தன்வந்திரி மகாலில் வைத்தியம் நடந்தது. அரண்மனையில் தேவநாகரி அச்சுக்கூடம் வந்தது; ஈசாப் கதைகள் மராத்தியில் அச்சாயின. நெப்போலியனைப் பிரிட்டிஷார் வென்றதைக் கொண்டாட, கடற்கரையில் மனோரா என்று எட்டு அடுக்குக் கோபுரம் எழுந்தது. இவ்வளவும் போதாதென்று ‘தேவேந்திர குறவஞ்சி’ என்று மராத்தியில் ஒரு நாடகமும் எழுதினார். அதில் வரும் குறத்தி கை பார்த்துக் கல்யாணத் தேதி சொல்வதோடு நிற்கவில்லை, உலகப் பூகோளமே சொல்கிறாள்!

வாளை உறையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத அரண்மனை, ஆனால் ஒவ்வொரு அறையிலும் யாரோ எதையோ எழுதிக்கொண்டோ வரைந்துகொண்டோ அறுத்துப் பார்த்துக்கொண்டோ இருக்கிறார்கள். தமிழ், மராத்தி, தெலுங்கு, சமஸ்கிருதம், இங்கிலீஷ் என்று ஒரே தாழ்வாரத்தில் ஐந்து மொழி கேட்கும். லேசான கதைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

களத்தைப் பிடித்ததும் அந்த ஆண்டில் இல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் 1861-ல்தான் வந்தது. அதனால் காதலன் வண்டியைத் தவறவிட வேண்டுமானால் அது மாட்டுவண்டியாக இருக்கட்டும். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1826-க்கு முன் உலகிலேயே கிடையாது. புகைப்படம் 1839-க்குப் பிறகு. காலையில் டபரா காப்பியோடு கதாநாயகி திண்ணைக்கு வந்தால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். நீராகாரம் கொடுங்கள், பானகம் கொடுங்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். சென்னை ராஜதானியில் 1818-ல் ரூபாயை அதிகார நாணயமாக ஆக்கினார்கள், மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று கணக்கு. இரண்டு வருஷத்தில் ஜனங்களின் வாயில் ரூபாய் பழகியிருக்காது. ஒரு கிழவர் வராகனில் கேட்க, குமாஸ்தா ரூபாயில் பதில் சொல்ல, இருவரும் ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள, அரைப் பக்க உரையாடல் சும்மாவே கிடைத்துவிடும்.

இந்தச் சில்லறை விவரங்களுக்கு எங்கே போவது? அரண்மனைக் கணக்குகளும் உத்தரவுகளும் மராத்தியின் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி நூலாக வெளியிட்டிருக்கிறது. நாவல் எழுதுகிறவர்கள் பலர் அதைப் புரட்டாமல் சினிமா பார்த்து அரண்மனையை எழுதுகிறார்கள். அதனால்தான் எல்லா அரண்மனையிலும் ஒரே சாமரம், ஒரே பராக்கு.

மாயம் எதற்கு?

இப்போது கஷ்டமான பகுதி. காதல் கதைக்குள் மாயத்தைக் கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சிக்கலைத் தீர்க்கிற வேலையை அதனிடம் ஒப்படைப்பது. அப்பா சம்மதிக்கவில்லையா, சித்தர் வந்து திருநீறு போடுவார்; அப்பா சம்மதிப்பார். வாசகருக்கு அங்கே என்ன வேலை?

நம் மரபு இதை நன்றாகவே அறிந்திருந்தது. குறவஞ்சி நாடகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் பவனி வருகிறான், பந்தாடிக்கொண்டிருந்த தலைவி பார்த்து மயங்குகிறாள், நிலவைத் திட்டுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள். அப்போது குறத்தி வருகிறாள். தன் மலையின் பெருமையெல்லாம் சொல்லிவிட்டு, கையைப் பார்த்து, உன் மனசில் இருப்பவன் இன்னான் என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் அவள் செய்வது. தலைவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்துவதில்லை. பரிசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அப்புறம் அவளைத் தேடிக்கொண்டு அவள் கணவன் சிங்கன் வர, நாடகம் சிரிப்பில் முடிகிறது. குற்றாலக் குறவஞ்சி இன்றைக்கும் புதிதாக இருப்பதற்கு அந்தச் சிங்கனும் சிங்கியும் பாதிக் காரணம்.

1957-ல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் பிரியதர்சினி என்றொரு பேழை உண்டு. திறந்து பார்ப்பவருக்கு எது மிகவும் பிரியமோ அது அதில் தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். பலராமருக்குத் துரியோதனன் தெரிகிறான். கிருஷ்ணருக்குச் சகுனி தெரிகிறான். பேழை யாருக்கும் கல்யாணம் செய்து வைக்கவில்லை. யார் மனசில் யார் என்பதைச் சபையில் போட்டு உடைக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் முதன்முதலாகக் குந்தவையைச் சந்திப்பதும் குடந்தை சோதிடர் வீட்டில்தான். கல்கி வேறு எத்தனையோ இடம் வைத்திருக்கலாம். எதிர்காலம் தெரிந்துகொள்ள வந்த இடத்தில் எதிர்காலமே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது, சோதிடருக்கு அது தெரியாது என்பதில்தான் அந்தக் காட்சியின் சுவை.

மூன்றிலும் வேலை ஒன்றுதான்: மறைத்து வைத்திருப்பதை மாயம் வெளியே இழுத்துப் போடுகிறது. தடையைக் காலம் கொண்டுவருகிறது, அதைத் தாண்டுவது மனிதர்கள் பாடு. இந்தப் பங்கீட்டை மாற்றாதீர்கள்.

ஒரு விதி, ஒரு பொருள்

நம் கதைக்கு ஒரு மாயப் பொருள் வேண்டும். அரண்மனையில் எல்லோரும் எழுதிக்கொண்டிருப்பதால் எழுத்தாணியையே எடுப்போம். அதற்கு ஒரே ஒரு குணம்: எழுதுகிறவர் பொய் என்று மனசார அறிந்த எதையும் அதனால் எழுத முடியாது. எழுதினால் ஓலை கீறிப் பிளந்துவிடும்.

விதியை இப்படி ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் அதைக் கைவிடுங்கள். சொல்ல முடிந்தால், அடுத்து அதன் எல்லைகளைக் குறியுங்கள். எழுதுகிறவர் உண்மை என்று நம்பும் பொய் தடையில்லாமல் ஓடும். ஓலையில் மட்டும்தான் பலிக்கும், காகிதத்தில் பலிக்காது. செலவு உண்டு: பிளந்த ஓலை திரும்ப ஒட்டாது, அரண்மனைக் கணக்கப்பிள்ளை ஓலைக் கட்டை எண்ணித்தான் தருவார். இந்த மூன்று எல்லைகளில் கதையின் பாதி உட்கார்ந்திருக்கிறது. மன்னரைப் புகழ்ந்து ஒரு புலவர் இயற்றிய பாட்டைப் படியெடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஒரே பாட்டுக்கு எத்தனை ஓலை செலவாகும்? கணக்கப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

அந்த எழுத்தாணி யார் கையில் இருக்கிறது? சரசுவதி மகாலுக்கு ஏடு படியெடுத்துக் கொடுக்கும் ஒரு பெரியவரின் குடும்பச் சொத்து அது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. வெளியே சொன்னால் வேலை போகும். அதனால் மூன்று வருஷமாக அவர் பெயரில் எழுதுவது மகள். ‘அந்தக் காலத்தில் பெண் எப்படி எழுதினாள்?’ என்று கேட்கும் வாசகருக்கு இந்தக் காரணம் போதும். இதே தஞ்சை அரண்மனையில் அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே பிரதாபசிம்மர் காலத்தில் முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் காவியம் செய்திருக்கிறார் என்பதை நீங்கள் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் சரி. கதைக்குள் அதைப் பாடமாக நடத்த வேண்டாம்.

காதலன் தன்வந்திரி மகாலில் நோயாளிகளின் விவரம் எழுதும் குமாஸ்தா. சரபோஜி காலத்தில் அங்கே கண் சிகிச்சை நடந்ததற்கான குறிப்புகள், கண்களை வரைந்த படங்களோடு, இன்றும் இருக்கின்றன. ஆகவே பெரியவரின் கண்ணைப் பார்க்க அவன் வீட்டுக்கு வருவதற்கு நாம் எதையும் வளைக்க வேண்டியதில்லை. அவன் காகிதத்தில் மோடி எழுத்து எழுதுகிறவன். எவ்வளவு பொய்யும் எழுதலாம், கை நடுங்காது. ஓலையோ அவனுக்கு வராது. அவன் தமிழில் எழுதுகிற கடிதத்தை அவன் தாயாராலேயே படிக்க முடிவதில்லை.

தடை என்ன? அப்பாவுக்குக் கண் தெரிந்துவிட்டால் மகள் கையிலிருந்து எழுத்தாணி போய்விடும். அவள் அப்பாவின் கண்ணுக்காகவும் வேண்டிக்கொள்கிறாள், வைத்தியம் கொஞ்சம் தாமதமானால் தேவலை என்றும் நினைக்கிறாள். அதோடு, அந்த 1820-ல் மன்னர் ஆயிரக்கணக்கான பேரோடு காசி யாத்திரை புறப்படுகிறார். குமாஸ்தாவின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. போய்வரக் குறைந்தது ஒரு வருஷம். புறப்படுமுன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று தாயார் ஊரில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறார். வில்லன் தேவையே இல்லை பாருங்கள், எல்லோரும் நல்லவர்கள்.

கிட்டே போய் எழுதுவது

ஏட்டில் எழுதும் விதத்தைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். மேசை கிடையாது. ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியை வலக்கை முஷ்டியில் செங்குத்தாகப் பிடிப்பார்கள். இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணி அதில் சாய்ந்து நிற்கும்படி செய்வதுண்டு. கை நிற்க, ஓலைதான் நகரும். எழுதி முடித்ததும் மையைத் தடவித் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும். அதுவரை வெறும் கீறல். ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. கடிதம் தப்பாகப் படிக்கப்படுவதற்கு மாயமே வேண்டாம்!

எழுதுவது பெரியவர் அல்ல என்பதைக் குமாஸ்தா எப்படிக் கண்டுபிடிக்கிறான்? தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற அவள் கையில், கட்டைவிரல் நகத்தின் பள்ளத்தைப் பார்க்கிறான். "உன்னைக் காதலிக்கிறேன்" என்று நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு நகம் அதிகம் பேசும்.

இனி ஒரு காட்சி. தாயாருக்குக் கடிதம் எழுதிவாங்க அவன் வந்திருக்கிறான். அவள் நிலைக்கு உட்புறம், அவன் திண்ணையில். நடுவில் அப்பா.

"சொல்லுங்கள்" என்றாள்.

"தாங்கள் பார்த்திருக்கும் பெண்ணை மணக்க எனக்குப் பூரண சம்மதம்."

படக்கென்று ஒரு சத்தம்.

"என்னம்மா அது?" என்றார் அப்பா.

"ஓலை பிளந்துபோச்சு அப்பா."

அடுத்த ஓலை. "பூரண" வரை வந்தது. படக்.

"இந்த வருஷம் பனையே சரியில்லை" என்றாள் அவள்.

"மூணாவது வேணாம்மா, கணக்கப்பிள்ளை கேட்பான்" என்றார் அப்பா.

குமாஸ்தா சற்று யோசித்தான். "சம்மதமில்லை என்று எழுதிப் பாருங்களேன். ஓலை நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்."

உள்ளே எழுத்தாணி கீச்கீச்சென்று ஓடியது. சத்தமில்லை. வெகுநேரம் சத்தமில்லை.

"நல்ல ஓலைதான்" என்றார் அப்பா.

கவனியுங்கள். மாயம் என்ற சொல்லே இதில் இல்லை. ஓலை பிளப்பதற்குக் காரணம் அவனுடைய பொய் அல்ல, அவனுக்குச் சம்மதமில்லை என்று அவள் நம்புவது. விதியை நாம் மீறவில்லை. கண் தெரியாத அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதை நான் சொல்லவும் இல்லை. காதலர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. அந்தக் காலத்தின் வீட்டு அமைப்பு அப்படி. இன்றைய மாதிரி இருவரையும் தோட்டத்தில் தனியாக உட்கார வைத்திருந்தால் இந்தக் காட்சி அமையாது. பேச்சுமொழியையும் பாருங்கள்: நாடகத் தமிழ் இல்லை, இன்றைய தெருப்பேச்சும் இல்லை. "தேவி, நின் விழிகள்" என்று தொடங்கினால் அது கேலிக்கூத்தாகிவிடும்.

முடிவு எப்படி? அப்பாவின் கண்ணுக்கு வைத்தியம் பலிக்கிறது. எழுத்தாணி அவர் கைக்குத் திரும்புகிறது. காசிக்குப் போனவனுக்கு அவள் காகிதத்தில் எழுதுகிறாள். காகிதத்தில் பொய்யும் எழுதலாம் என்பது இருவருக்கும் தெரியும். இப்போது அவன் வெறுமனே நம்ப வேண்டும். கடைசியில் மாயத்தைக் கதையிலிருந்து கழற்றிவிட்டுக் காதலைத் தனியே நடக்க விடுகிறோம். இப்படி முடிக்கத் துணிவில்லாதவர்கள் எழுத்தாணியைப் பொன்னாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

சிரிப்பு யார் மேல்?

லேசான கதை என்பதற்காக அந்தக் காலம் எல்லோருக்கும் லேசாக இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். தஞ்சை வயல்களில் அடிமைப்பட்ட ஆட்கள் உழைத்தார்கள். அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று கம்பெனி அரசு ஆக்கியது 1843-ல். கதை வயலுக்குப் போகாமல் இருக்கலாம், ஆனால் ‘விசுவாசமான பண்ணையாள்’ என்று ஒருவரைக் கோமாளியாக நிறுத்தக் கூடாது. குறத்தியை வைத்தால் அவளுக்கும் சொந்தக் காரியம் ஒன்று இருக்கட்டும். நாயகிக்குக் குறி சொல்வதற்கென்றே பிறந்தவளாக இருக்க வேண்டாம். கேலி செய்ய ஆள் வேண்டுமா? பட்டப்பெயரை நீட்டிக்கொண்டே போகும் அரண்மனை அதிகாரி, எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் கம்பெனி ரெசிடென்ட், கீறிப்போன புகழ்ச்சிப் பாட்டின் புலவர் என்று மேலே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உண்மையில் வாழ்ந்தவர்களைக் கதையின் ஓரத்தில் வையுங்கள். சரபோஜி ஒரு காட்சியில் தாழ்வாரத்தைக் கடந்து போகலாம், ஓலைச் செலவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். அவருக்கு நீங்களாக ஒரு காதலைக் கட்டாதீர்கள். அவருடைய அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயரில் ஒரத்தநாட்டில் சத்திரமே நிற்கிறது. அது அவர்கள் கதை. உங்கள் பாத்திரங்கள் அந்தச் சத்திரத்தில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதற்கு மேல் உரிமை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. பாட்ரீஷியா ரீடி, காரலின் ஸ்டீவர்மர் என்ற இரு அமெரிக்க எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் பாத்திரமாக இருந்து மாறி மாறிக் கடிதம் எழுதி விளையாடினார்கள். கதை எங்கே போகும் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. 1817-ஆம் ஆண்டு இங்கிலாந்து, இரண்டு இளம்பெண்கள், மந்திரம் ஏற்றிய ஒரு சாக்லேட் கூஜா. அது 1988-ல் ‘சார்சரி அண்ட் செசிலியா’ என்ற நாவலாக வந்தது. நீங்களும் ஒரு நண்பரைப் பிடியுங்கள். ஒருவர் தஞ்சையில் இருக்கும் மகள், மற்றவர் காசிப் பாதையில் போகும் குமாஸ்தா. ஆளுக்கு ஐந்து கடிதம் போதும். பதில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதை மறக்காதீர்கள். அவள் கோபித்துக்கொண்டது அவனுக்குத் தெரியும்போது அவள் சமாதானமாகியிருப்பாள். பத்துக் கடிதத்தையும் எழுதி முடித்த பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள். அதற்கு முன் வந்தால் அது உங்களுக்குப் பயன்படாது.